கோடி: கடல்முனையா, புதுத்துணியா, நூறு லட்சமா?

கேள்வி: நாகப்பட்டினம் முதல் இராமேசுவரம் வரையுள்ள கடற்கரை ஊர்களைப் பற்றிச் சுற்றுலாக் கையேடு ஒன்று தயாரித்து வருகிறோம். வரைவில் தனுஷ்கோடிக்குக் 'கோடி வில்' என்றும், கோடியக்கரைக்குக் 'கோடி புண்ணியம் தரும் கரை' என்றும் பொருள் எழுதப்பட்டிருக்கிறது. திருமணச் சடங்குகளைப் பற்றிய பக்கத்தில் 'கோடிச் சேலை' என்று வருவதை, மிக விலை உயர்ந்த சேலை என்று எங்களில் ஒருவர் புரிந்துகொண்டார். இவை எல்லாம் ஒரே சொல்தானா? எந்த இடத்தில் எந்தப் பொருளைக் கொள்வது?

பதில்: வரைவில் உள்ள அந்த இரண்டு விளக்கங்களையும் நீக்கிவிடுங்கள். சேலையைப் பற்றிய புரிதலும் தவறு. கோடி என்று ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள் தமிழில் பல இருக்கின்றன. அவற்றுள் எண்ணைக் குறிக்கும் சொல்லை நாள்தோறும் செய்தித்தாளில் பார்ப்பதால், மற்ற இடங்களிலும் அந்தப் பொருளே முதலில் மனத்தில் தோன்றுகிறது.

தனுஷ்கோடி வடமொழிக் கூட்டுச்சொல். தனுசு என்றால் வில். கோடி என்றால் நுனி. ஆகவே 'வில்லின் நுனி' என்பதே பொருள். இலங்கையிலிருந்து திரும்பும்போது, வீடணனின் வேண்டுகோளுக்கு இணங்கி, இராமன் தன் வில்லின் நுனியால் சேதுவை உடைத்தான் என்ற தலபுராணக் கதை இந்தப் பெயரை ஒட்டியே வழங்குகிறது. வடமொழியில் கோடி என்ற சொல்லுக்கு நுனி, எல்லை, நூறு லட்சம் ஆகிய பொருள்கள் உண்டு என்பதால், உங்கள் வரைவாளர் தடுமாறியதில் வியப்பில்லை. ஆனால் கதையும் நிலமும் சேர்ந்து நுனி என்ற பொருளையே உறுதிசெய்கின்றன. பாம்பன் தீவின் தென்கிழக்கில் மெலிந்து நீளும் மணல்திட்டு, அரிச்சல்முனையில் கடலுக்குள் முடிகிறது. அங்கே நிற்பவருக்கு இரு கைப்பக்கமும் கடல்தான். இரண்டையும் பெண்கடல், ஆண்கடல் என்று பிரித்துச் சொல்வது அப்பகுதி வழக்கு. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் கடலுக்கு இரையானது. இத்தகைய ஊரின் பெயரைக் கையேடு தவறாகச் சொல்லக் கூடாது என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு.

கோடியக்கரையும் அப்படித்தான். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் என்று வடக்கிலிருந்து தெற்காக வரும் சோழமண்டலக் கரை, இந்த இடத்தில் சட்டென்று மேற்கே திரும்பி முத்துப்பேட்டைப் பக்கம் போகிறது. நிலம் திரும்பும் அந்த மூலையே கோடி. அங்குள்ள கரை கோடிக்கரை. இதன் அருகே கோயில் கொண்டிருக்கும் இறைவனுக்குக் கோடிக்குழகர் என்று பெயர். கடற்காற்று வந்து மோதும் கரையில், அக்கம்பக்கத்தில் குடியிருப்பும் இல்லாமல் இப்படித் தனித்திருக்கிறீரே என்று சுந்தரர் தேவாரத்தில் அந்த இறைவனிடம் மனம் வருந்திக் கேட்கிறார். நிலத்தின் கடைசி மூலை என்ற பொருளுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. வெளிமான்களும் பூநாரைகளும் காணப்படும் கோடியக்கரைச் சரணாலயத்தைப் பற்றி எழுதும் பக்கத்திலேயே இந்தப் பெயர் விளக்கத்தையும் ஒரு வரியில் சேர்த்துவிடலாம்.

இதே பொருள் நம் அன்றாடப் பேச்சிலும் இருக்கிறது. தெருக்கோடி, தென்கோடி, கடைக்கோடி என்று சொல்லும்போது எவரும் எண்ணை நினைப்பதில்லை. யாழ்ப்பாணத்து வழக்கில் வீட்டின் பின்பக்கத்தையும் கோடி என்பார்கள்.

துணியைக் குறிக்கும் கோடி இவற்றிலிருந்து வேறானது. அதற்குப் புதுமை, புதுத்துணி என்று பொருள். விலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மலிவான பருத்தித் துணியும் உடுத்தப்படாமல் புதிதாக இருந்தால் கோடிதான். நாச்சியார் திருமொழியில் திருமணக் கனவைப் பாடும் ஆண்டாள், தனக்கு 'மந்திரக்கோடி உடுத்தி' மணமாலை சூட்டக் கண்டதாகச் சொல்கிறாள். கேரளத்துக் கிறித்தவர்களின் திருமணத்தில் மணமகன் மணமகளுக்கு அளிக்கும் புடவைக்கு இன்றும் மந்திரகோடி என்றே பெயர். ஓணத்திற்கு எடுக்கும் புத்தாடையும் அங்கே ஓணக்கோடி. தமிழ்நாட்டில் மட்டும் நீங்கள் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். இறந்தவர் உடல்மீது உறவினர்கள் புதுத்துணி சார்த்துவதைக் 'கோடி போடுதல்' என்று சொல்லும் வழக்கம் பரவலாக இருப்பதால், பல குடும்பங்களில் இந்தச் சொல்லைக் கேட்டாலே துக்கம் நினைவுக்கு வரும். மங்கல நிகழ்ச்சிகளை விவரிக்கும் பக்கத்தில் புத்தாடை, புதுப்புடவை, கூறைப்புடவை ஆகியவற்றுள் பொருத்தமானதை எழுதுவதே நல்லது. கோடிச் சேலை என்ற பெயரை அந்தப் பகுதி மக்களே சொல்கிறார்கள் என்றால் மட்டும், விளக்கத்தோடு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, பொருளைப் பிரித்தறியும் வழி. ஒற்று மிகுகிறதா என்று முதலில் பாருங்கள். எண்ணுப் பெயராக வரும்போது, 'கோடி ரூபாய்', 'கோடி பேர்', 'கோடி புண்ணியம்' என்பவற்றில் ஒற்று மிகுவதில்லை. முனை அல்லது புதுமை என்ற பொருளில் கோடிக்கு அடுத்து வல்லின எழுத்து வந்தால் ஒற்று மிகும்: கோடிக்கரை, கோடித்துணி, கோடிச்சேலை, கோடிப்புடவை. எனவே 'கோடி துணி' என்று எழுதினால் நூறு லட்சம் துணிகள். 'கோடித் துணி' என்றால் புதுத்துணி. அச்சுக்குப் போகும் முன் பிழைதிருத்துபவர் ஒரு 'த்' என்ற எழுத்தை எடுத்துவிட்டால் பொருளே மாறிவிடும். முன்னால் வரும் சொல்லும் உதவும். 'இருபது கோடி', 'பல கோடி' என்று அளவைச் சொல்லும் சொல் முன்னால் நின்றால் அது எண்; 'தெருக்கோடி' என்பது போல இடத்தின் பெயர் முன்னால் நின்றால் அது முனை. 'கோடிக்கணக்கான' என்பதில் எண்ணுப் பொருளிலும் ஒற்று மிகுவதால், இந்த வழியை மட்டுமே நம்பாமல், தொடர் முழுவதையும் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பழம்பாடல்களை மேற்கோள் காட்டுவதாக இருந்தால் இன்னொரு கோடியும் குறுக்கிடும். 'முறைகோடி மன்னவன் செய்யின் உறைகோடி ஒல்லாது வானம் பெயல்' என்ற 559ஆம் குறளில் எண்ணும் இல்லை, முனையும் இல்லை. வளைதல், திறம்புதல் என்ற பொருளுடைய 'கோடு' என்னும் வினையிலிருந்து வந்த எச்சம் அது. முறை கோடி என்றால் நீதி தவறி. '…கோடி தொகுத்தார்க்கும் துய்த்தல் அரிது' என்னும் 377ஆம் குறளிலோ அதே எழுத்துகள் எண்ணைக் குறிக்கின்றன. ஒரே நூலுக்குள்ளேயே இப்படி என்றால், அகராதியைப் பார்க்காமல் ஊகித்து எழுதுவது எவ்வளவு ஆபத்தானது என்று நீங்களே பார்க்கலாம்.

உங்கள் வரைவில் வரக்கூடிய வேறு ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 'கோடிகாட்டுதல்' என்றால் முழுவதும் சொல்லாமல் குறிப்பாக உணர்த்துதல். 'கோடிட்டுக் காட்டுதல்' என்பது கோடு, இட்டு என்று பிரியும். அடிக்கோடு போட்டதுபோல் அழுத்திச் சொல்லுதல் என்று அதற்குப் பொருள். வினாத்தாளில் வரும் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்பதும் கோடு இட்ட இடமே.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் கோடி தனித்தனித் தலைச்சொற்களாகத் தரப்பட்டிருக்கும். முதலில் கண்ணில் படும் பொருளோடு நின்றுவிடாமல், எல்லாவற்றையும் பாருங்கள். கையேட்டிற்கு இந்த வரிகள் போதும்: 'தனுஷ்கோடி: வில்லின் நுனி என்று பொருள்படும் பெயர். கோடியக்கரை: சோழமண்டலக் கரை மேற்கே திரும்பும் மூலையில் அமைந்த ஊர், கோடி என்பது இங்கே முனையைக் குறிக்கும்.'