மூங்கில் மிக்ஸி வேண்டாம், பழைய மிக்ஸியைக் கழற்றுங்கள்

கேள்வி: புராடக்ட் டிசைன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சுற்றுச்சூழலுக்கு உகந்த மிக்ஸி என்பது என் புராஜெக்ட். வெளிக்கூட்டை மூங்கிலில் செய்யலாமா?
– வாசகி, கோவை

பதில்: மூங்கிலை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மிக்ஸியின் வெளிக்கூடு ஈரமும் எண்ணெயும் படும் இடம். பூச்சும் பசையும் இல்லாமல் மூங்கில் அங்கே தாங்காது. அவை சேர்ந்துவிட்டால் மறுசுழற்சி கடினம்.

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். 750 வாட் மிக்ஸி தினமும் 10 நிமிடம் முழுத் திறனில் ஓடினாலும் ஆண்டுக்குச் சுமார் 46 யூனிட்தான். 75 வாட் சீலிங் ஃபேன் தினம் 12 மணி நேரம் சுற்றினால் 330 யூனிட் வரும். ஃபேன் என்றால் மின்சாரத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. மிக்ஸியிலோ, அதிலுள்ள செம்பும் இரும்பும் எத்தனை வருடம் உழைக்கப்போகின்றன என்பதே பெரிய கேள்வி.

அதனால் காயலான் கடையில் பழைய மிக்ஸி ஒன்று வாங்கி, பிளக்கில் செருகாத நிலையில் கழற்றுங்கள். ஸ்க்ரூ பெரும்பாலும் ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு பாகத்தின் எடை, பொருள், கழற்றப் பிடித்த நேரம், தேவைப்பட்ட கருவி எல்லாவற்றையும் குறியுங்கள். கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டு), கப்ளர் (மோட்டாரின் சுழற்சியை ஜாருக்குக் கடத்தும் பாகம்), ஜார் வாஷர், பிளேடு புஷ் (பிளேடின் தண்டைத் தாங்கும் வளையம்) ஆகியவை தேய்வதற்கென்றே உள்ள பாகங்கள். இவற்றை மாற்ற மொத்த மிக்ஸியையும் பிரிக்க வேண்டியிருந்தால், உங்கள் புராஜெக்ட் அங்கேயே தொடங்குகிறது. பல மாடல்களில் கப்ளரை வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அது தெரியாமல் இடப்பக்கம் முறுக்கினால் இன்னும் இறுகும், கடைசியில் உடையும். கூட்டின் மேலேயே ஓர் அம்புக்குறி வார்த்துவிட்டால் போதும். கூடுதல் செலவு அநேகமாக இல்லை.

அடுத்து சமையலறைக்குப் போங்கள். "இந்த மிக்ஸி வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக எல்லோரும் ஆமாம் என்பார்கள். சட்னி அரைக்கச் சொல்லி, ஜாரைக் கழுவி வைக்கும்வரை பேசாமல் பாருங்கள். ஈரக்கையில் மூடி எங்கே வழுக்குகிறது, புஷ் வழியே கசியும் நீர் எங்கே இறங்குகிறது, முதியவர்கள் ஜாரை எந்தக் கையால் பிடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். லோடு அதிகமாகி மிக்ஸி நின்றால் அழுத்த வேண்டிய சிவப்புப் பட்டன் அடிப்பாகத்தில் இருப்பதே பலருக்குத் தெரியாது. மோட்டார் போய்விட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப் போவார்கள், அல்லது புதிது வாங்கிவிடுவார்கள். அந்தப் பட்டனைக் கண்ணில் படும் பக்கத்துக்குக் கொண்டுவருவது, எந்தப் பச்சை நிற மெட்டீரியலையும்விடப் பெரிய சேமிப்பு.

கடைசியில்தான் மெட்டீரியல். ஏபிஎஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்த கூட்டின்மேல் மென்ரப்பரை ஒட்டி வார்க்காதீர்கள், பிரிக்கவே முடியாது. பசைக்குப் பதில் ஸ்க்ரூ, அதுவும் ஒரே அளவில். ஒவ்வொரு பாகத்தின் உட்புறமும் பிளாஸ்டிக்கின் பெயர் பதிந்திருக்கட்டும்.

கேள்வி: மாடல்களை பிஎல்ஏ-வில் (தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) 3டி பிரின்ட் செய்கிறேன். அது மக்கும்தானே?
– வாசகர், திருச்சி

பதில்: வீட்டு உரக்குழியில் மக்காது. 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் தொடர்ந்து இருக்கும் தொழிற்சாலை உரக்கூடம் வேண்டும். கைப்பிடி, மூடி போன்றவற்றின் அளவைச் சோதிக்க அட்டையும் தெர்மோகோல் துண்டும் போதும்; பிரின்டரைக் கடைசிச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சூடான ஜாருக்கு பிஎல்ஏ கூடவே கூடாது, கொதிநீர் பட்டால் வளைந்துவிடும்.