காய்ந்த செடியிடம் கேட்டறிதல்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அரிதாகிவரும் ஒரு காட்டுச்செடிக்கு இணையத்தில் 14 ஹெர்பேரியம் (உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் காப்பகம்) பதிவுகள் கிடைத்தன. 14 இடங்களில் இருந்தது என்று எழுதலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். சேகரித்தவர் பெயர், சேகரிப்பு எண், தேதி மூன்றையும் வைத்து முதலில் வரிசைப்படுத்துங்கள். ஒரே சேகரிப்பில் பல தாள்கள் தயாரித்து வெவ்வேறு ஹெர்பேரியங்களுக்கு அனுப்புவது வழக்கம். மூன்றும் ஒத்துப்போனால் அது ஒரே பதிவு. 14 ஏழாகச் சுருங்கினாலும் ஆச்சரியமில்லை.

அடுத்தது பெயர். வெப்பமண்டலத் தாவரத் தாள்களில் பாதிக்கும் மேல் தவறான பெயரில் இருக்கலாம் என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே படத்தைப் பெரிதாக்கி, அந்த இனத்துக்குப் பெயரிட்டபோது ஆதாரமாக வைத்த வகைமாதிரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பலர் சறுக்குவது இடத்தைக் குறிப்பதில்தான். பழைய லேபிளில் பெரும்பாலும் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்காது. பின்னாளில் ஊர்ப்பெயரைப் பார்த்து யாரோ சேர்த்திருப்பார்கள். மாவட்டத்தின் நடுப்புள்ளியைப் போட்டு நிரப்பியதும் உண்டு. நிலத்துச் செடி ஏரிக்குள் நிற்கும்! லேபிளை நீங்களே படியுங்கள், அந்தக் காலத்து வரைபடத்தில் ஊரைத் தேடுங்கள். உயரம் அடியிலா மீட்டரிலா என்றும் பாருங்கள்: 3,000 அடி என்பது 914 மீட்டர்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில், எத்தனை கிலோமீட்டர் பிசகலாம் என்பதையும் எழுதிவையுங்கள். செடித் திருட்டுக்கு அஞ்சி இடத்தை வேண்டுமென்றே மறைத்திருந்தால், ஹெர்பேரியப் பொறுப்பாளருக்குக் காரணம் சொல்லி எழுதிக் கேட்கலாம்.

கேள்வி: கடைசித் தாள் 1931-ஆம் ஆண்டினுடையது. அங்கே அது அழிந்துவிட்டதா?

பதில்: அதே இடத்தில், அதே வகை வாழிடத்தில் வளரும் சாதாரணச் செடிகளை 1931-க்குப் பிறகு யாராவது சேகரித்தார்களா என்று பாருங்கள். நிறையச் சேகரித்தும் உங்கள் செடி மட்டும் இல்லை என்றால் கவலைப்பட வேண்டியதுதான். யாருமே போகவில்லை என்றால் அந்த இடைவெளிக்குப் பொருளே இல்லை. சேகரிப்பவர்கள் சாலையோரத்தையே அதிகம் நாடுவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். தாள்களில் பூவும் காயும் இருக்கும் மாதங்களைக் குறித்துக்கொண்டு அப்போது நேரில் போய்த் தேடுங்கள். பூவில்லாத பருவத்தில் பல செடிகள் எதிரிலேயே நின்றாலும் அடையாளம் தெரியாது.

கேள்வி: தாளிலிருந்து பூவையோ இலையையோ எடுத்து ஆராயலாமா?

பதில்: எழுத்துமூல அனுமதியோடு மட்டும். வகைமாதிரியைத் தவிர்த்துவிடுங்கள். தாளில் ஒட்டிய சிறு உறைக்குள் உதிர்ந்த துண்டுகள் இருக்கும். முதலில் அதைத் திறந்து பாருங்கள். பூ ஒன்று போதும்: கொதித்த நீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டுச் சில நிமிடம் ஊறவைத்தால் இதழ்கள் கிழியாமல் பிரியும். பிரித்த பாகங்களை உலர்த்தி உறைக்குள்ளேயே திரும்ப வையுங்கள். பழைய தாள்களில் பூச்சி அரிக்காமலிருக்க மெர்க்குரிக் குளோரைடு பூசியிருப்பார்கள். அது நஞ்சு, கையுறை கட்டாயம்.

டி.என்.ஏ.வுக்குப் பொதுவாக ஒரு சதுர சென்டிமீட்டர் இலை போதும். பழைய இலையில் டி.என்.ஏ. துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். குறுந்துண்டுகளைப் படிக்கும் வரிசைமுறை எந்திரங்களுக்கு அது தடையில்லை. களத்தில் சாராயத்தில் நனைத்து உலர்த்திய மாதிரி என்றால் பெரும்பாலும் ஏமாற்றமே. லேபிளில் அப்படிக் குறிப்பிருந்தால் வேறு தாளைக் கேளுங்கள்.