பழைய காரின் ஒயரிங் கோளாறுகள்: கேள்வி பதில்

காசிமேட்டிலிருந்து: ஐயா, என் பழைய பத்மினி காரில் இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மங்கலாகத் துடிக்கிறது. இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பிளாஷரை இரண்டு முறை மாற்றிவிட்டேன்.

பதில்: பிளாஷர் பாவம், அதன்மேல் குற்றமில்லை. பல்புக்குள் போன மின்சாரம் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பியாக வேண்டும். எர்த் எனப்படும் அந்தத் திரும்பும் வழி துருவேறி அடைபட்டால், மின்சாரம் அதே கூண்டிலுள்ள மற்றொரு பல்பின் இழைக்குள் புகுந்து சுற்றுவழியில் போகும். இண்டிகேட்டர் எரிகையில் வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பல்பு ஹோல்டரின் உலோகத்திலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போய்ப் பளிச்சென்று தகடு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு வாசலின் தடவுங்கள். கடற்கரையோரம் நிற்கும் வண்டிக்கு எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் எர்த்தைப் பாருங்கள் என்பேன்.

வியாசர்பாடியிலிருந்து: அம்பாசிடருக்கு 100/90 வாட் பல்பு போட்டதிலிருந்து ஹெட்லைட் சுவிட்ச் சுடுகிறது.

பதில்: சுடத்தான் செய்யும். ஹைபீமில் இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 200 வாட். 12 வோல்ட்டில் 16 ஆம்பியருக்கு மேல் அந்தச் சுவிட்ச் வழியாகப் போகிறது. 60/55 பல்புக்குத் திரும்புங்கள், அதற்கும் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து பியூஸோடு தனி ஒயர் இழுங்கள்.

எண்ணூரிலிருந்து: ஒரே பியூஸ் அடிக்கடி போகிறது. பெரிய பியூஸ் போடலாமா?

பதில்: கூடாது. பியூஸ் காப்பது ஒயரை; அதைப் பெரிதாக்கினால் அடுத்து உருகுவது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒயர்தான். அந்தப் பியூஸ் வழியாக ஓடும் விளக்கு, மோட்டார் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை இணையுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும். பிறகு ஒயர்க்கட்டை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டே போங்கள்; எங்கே அசைக்கும்போது பல்பு அணைகிறதோ அங்கேதான் ஒயரின் தோல் உரிந்து தகட்டைத் தொடுகிறது. பெரும்பாலும் தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் காணாமல் போன இடமாக இருக்கும்.

பெரம்பூரிலிருந்து: எனக்கும் பியூஸ்தான் போகிறது. சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி ஓட்டுகிறேன்.

பதில்: மேலே சொன்னதைப் படியுங்கள். ஈயத்தாளை இன்றே எடுத்துவிடுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து: பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது சரியா?

பதில்: தவறு. டெர்மினல்களில் மீட்டரை வைத்தாலே போதும். எஞ்சின் ஓடுகையில் ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வோல்ட் காட்ட வேண்டும்.

தண்டையார்பேட்டையிலிருந்து: முப்பது ஆண்டுகளாக அப்படித்தான் கழற்றிப் பார்க்கிறோம், ஒன்றும் ஆனதில்லையே.

பதில்: ஆல்டர்னேட்டருக்கு முன்பிருந்த டைனமோ காலத்தில் பழகிய கை அது, அண்ணே. ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடுகள் இருக்கின்றன. பேட்டரி சட்டென்று விலகினால் தாங்கிக்கொள்ள ஆளில்லாமல் வோல்டேஜ் எகிறி, டையோடும், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் போகலாம்.

மீண்டும் தண்டையார்பேட்டை: போகலாம் என்கிறீர்கள், போகும் என்று சொல்லவில்லையே.

பதில்: ஒவ்வொரு தடவையும் போகாது என்பது உண்மை. ஆனால் போகும் அன்று செலவு உங்கள் வாடிக்கையாளருடையது. மீட்டருக்கோ ஒரு நிமிடம் போதும்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: பியூஸ் அடிக்கடி போகிறது…

பதில்: எண்ணூர்க்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். பல்பு வைத்து இடத்தைக் கண்டுபிடித்த பிறகு, ஒயரைச் சரிசெய்யக் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள்.