வாசகர் கேள்வி – பதில்: கார்க் நகரில் குன்னூர்க் கிறிஸ்துமஸ்

கேள்வி: அயர்லாந்தின் கார்க் நகரில் செவிலியராகப் பணியாற்றும் என் மகளின் வீட்டில் இந்த ஆண்டு கிறிஸ்துமஸைக் கொண்டாடவிருக்கிறோம். இங்கே வாசலில் நட்சத்திரம் கட்டுவோம், நள்ளிரவுத் திருப்பலிக்குப் போவோம், விடிந்ததும் மதம் பாராமல் தெருவிலுள்ள வீடுகளுக்கெல்லாம் பலகாரத் தட்டு அனுப்புவோம், மதியம் பிரியாணி. பேரப்பிள்ளைகளோ வான்கோழியும் புட்டிங்கும்தான் வேண்டும் என்கிறார்கள். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?
– வாசகி, குன்னூர்

பதில்: எதையும் விட வேண்டாம், அம்மா. தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நமக்குக் கிறிஸ்துமஸ் அன்று கதவு திறந்தே இருக்கும். அயர்லாந்தில் டிசம்பர் 25 குடும்பத்தாருக்கு மட்டும் உரிய நாள். கடைகள் மூடியிருக்கும், ரயிலும் பேருந்தும் ஓடா, அழைப்பில்லாமல் எவரும் எவர் வீட்டுக்கும் போவதில்லை. அன்று அதிரசத் தட்டோடு அண்டை வீட்டுப் படியேறினால் புன்னகையோடு வாங்கிக்கொள்வார்கள், ஆனால் உள்ளே அழைக்க மாட்டார்கள்; அதை அவமதிப்பாக நினைத்து மனம் வருந்துவது வீண். பலகாரத்தை 23ஆம் தேதியே கொடுத்துவிடுங்கள், அல்லது 26ஆம் தேதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் கிறிஸ்துமஸ் ஒரு நாளில் முடிவதில்லை. ஜனவரி 6 வரை நீளும். நம் வழக்கங்களுக்கு அந்த நாட்களில் தாராளமாக இடமிருக்கிறது.

நட்சத்திரத்தை வாசலில் கட்ட வேண்டாம். கார்க்கின் மழைக்கும் காற்றுக்கும் காகித நட்சத்திரம் ஓரிரவு தாங்காது. சன்னலுக்கு உட்புறம் தொங்கவிடுங்கள். 24ஆம் தேதி மாலை சன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பது அயர்லாந்து வீடுகளின் பழைய வழக்கம்; தங்க இடமின்றி அலைந்த மரியாளையும் சூசையப்பரையும் இந்த வீடு வரவேற்கும் என்பதற்கான அடையாளம் அது. வீட்டின் கடைக்குட்டியே அதை ஏற்றுவது மரபு. பேரப்பிள்ளைகளில் இளையவரிடம் தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டு, திரைச்சீலையை மட்டும் ஒதுக்கிக் கட்டிவிடுங்கள். நள்ளிரவுத் திருப்பலி என்ற பெயரில் பல பங்கு ஆலயங்களில் இப்போது மாலையிலேயோ இரவு ஒன்பது மணிவாக்கிலேயோ திருப்பலியை முடித்துவிடுகிறார்கள். நேரத்தை முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நல்லது.

25ஆம் தேதி மதிய உணவைப் பேரப்பிள்ளைகளின் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள். வான்கோழி, ஹாம், வறுத்த உருளைக்கிழங்கு, களைக்கோஸ் எனும் குட்டி முட்டைக்கோஸ் என்று நீளும் அந்தச் சாப்பாட்டில் உங்களுக்கு அந்நியமாகப் படாதது புட்டிங்தான். உலர்பழங்களை மதுவில் ஊறவைத்துக் கிறிஸ்துமஸுக்குக் கேக் செய்வது நம் மலையிலும் உள்ள பழக்கமே. வான்கோழி எப்படியும் மிஞ்சும். மறுநாள் அதை ரொட்டிக்கு நடுவே வைத்துத் தின்பது அவர்கள் வழக்கம். நீங்கள் எலும்பை மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு ரசமாகக் கொதிக்கவிடுங்கள், சதையைப் பிய்த்துப் பிரியாணிக்கு எடுத்து வையுங்கள். ஏற்கெனவே வெந்த இறைச்சி என்பதால், அரிசி முக்கால் பதம் வந்த பிறகு, தம் போடும்போது மட்டும் சேர்க்க வேண்டும்; மசாலாவோடு சேர்த்து வதக்கினால் நார் நாராகிவிடும்.

அந்த மறுநாள், டிசம்பர் 26, அங்கே அரசு விடுமுறை. பெயர் ஸ்டீபன்ஸ் டே. நம் ஊட்டியில் 1831இல் திறக்கப்பட்ட ஆலயத்துக்குப் பெயர் தந்த அதே புனிதரின் திருநாள். அன்று கெர்ரி மாவட்டத்தின் டிங்கிளில் வைக்கோல் உடையும் முகமூடியும் அணிந்து, குழலும் முரசும் முழங்க ஊர்வலம் போவார்கள். முற்காலத்தில் ரென் என்னும் சிறு குருவியை வேட்டையாடிக் கம்பில் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் காசு கேட்டு வந்த வழக்கத்தின் மிச்சம் அது. இப்போது குருவியைக் கொல்வதில்லை. கார் இருந்தால் போய்ப் பாருங்கள். நம் ஊர்க் கேரல் குழுவின் மேளம் நினைவுக்கு வரும்.

ஜனவரி 6, நம் ஆலயங்களில் மூன்று அரசர்கள் திருவிழா. கார்க்கிலும் கெர்ரியிலும் அதையே பெண்கள் கிறிஸ்துமஸ் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். விழாக்காலம் முழுதும் உழைத்த பெண்கள் அன்று ஓய்வெடுப்பார்கள் அல்லது தோழியரோடு வெளியே போவார்கள், அடுப்படி ஆண்களுடையது. இந்த வழக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். மருமகன் குழம்பில் உப்பைக் கூட்டிவிட்டாலும் எட்டிப் பார்க்காதீர்கள்.

கேள்வி: அயர்லாந்துக்கு எந்தெந்தப் பலகாரங்களைக் கொண்டுசெல்லலாம்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியையும் பால் பொருட்களையும் கொண்டுவரக் கூடாது என்பது விதி, ஆகவே நெய் டப்பாவும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். இறைச்சி கலவாத கேக், பிஸ்கட் வகைகளுக்குத் தடையில்லை என்பதால் பழக்கேக்கையும் ஊட்டி வர்க்கியையும் தாராளமாக எடுத்துச் செல்லலாம். வர்க்கியை மட்டும் கைப்பையில் வையுங்கள், இல்லையேல் தூளாகத்தான் போய்ச் சேரும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். சீரியல் விளக்கு கொண்டுபோவதானால், மின்னழுத்தம் நம்முடையதைப் போலவே 230 வோல்ட்தான். ஆனால் பிளக்கின் முனைகள் வேறு வடிவம், அடாப்டர் தேவை.

கேள்வி: ஊட்டிக்காரி நான். டப்ளினில் இது என் முதல் டிசம்பர். 25ஆம் தேதி எனக்கு மருத்துவமனையில் பகல் பணி. குளிரையும் தனிமையையும் நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.
– வாசகி, டப்ளின்

பதில்: உறைபனியில் புல் வெளுத்துக் கிடக்கும் காலைகளைப் பார்த்து வளர்ந்த உங்களைக் குளிர் ஒன்றும் செய்யாது. வருத்துவது இருட்டுதான்: காலை எட்டரைக்கு மேல் விடிந்து, மாலை நான்கரைக்குள் இருண்டுவிடும். விடுப்பு நாட்களில் நண்பகலில் ஒரு மணி நேரமாவது வெளியே நடந்துவாருங்கள். பொது விடுமுறையில் பணி செய்தவருக்கு மாற்று விடுப்போ கூடுதல் ஊதியமோ கிடைக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். மாற்று விடுப்பு கிடைத்தால் அதை ஜனவரி 6க்குக் கேட்டுப் பாருங்கள், உடன் பணிபுரியும் நம்மவர்களையும் அன்றைக்கே அழையுங்கள். 25ஆம் தேதி பேருந்து இராது என்பதால் மருத்துவமனைக்குப் போக யாருடைய காரில் இடமிருக்கிறது என்பதை இந்த வாரமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.