கேள்வி பதில்: ரக்கூன் சிட்டி காவல் நிலையத்தில் உயிர் தப்புவது எப்படி?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேமைப் பற்றியவை: 'ரெசிடென்ட் ஈவில் 2'. காப்காம் நிறுவனம் 1998இல் வெளியிட்ட கேமைப் புதிதாகச் செய்து 2019 ஜனவரியில் கொண்டுவந்த பதிப்பு. ஜோம்பிகள், அதாவது நடைபிணங்கள், நிறைந்த ரக்கூன் சிட்டி நகரில் உயிர் தப்பும் திகில் கேம் இது. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கே: நாயகர்கள் இருவரில் லியோனை வைத்து ஸ்டாண்டர்ட் (நடுத்தரக் கடினம்) மோடில் ஆடுகிறேன். காவல் நிலையத்தில் பாதியைத் தாண்டுவதற்குள் தோட்டா தீர்ந்துவிடுகிறது. கண்ணில் படும் ஜோம்பியை எல்லாம் கொன்றால்தானே நிம்மதியாக நடக்க முடியும்?

ப: இந்த கேமில் எல்லாரையும் கொல்லும் அளவுக்குத் தோட்டா தரமாட்டார்கள். தலையில் ஐந்தாறு குண்டு வாங்கிக் கீழே விழுந்த ஜோம்பிகூட, நீங்கள் அடுத்த அறைக்குப் போய்த் திரும்புவதற்குள் எழுந்து நிற்கும். அதனால் 'இதைக் கொல்லலாமா' என்று யோசிக்காதீர்கள். 'இந்தத் தாழ்வாரத்தில் இன்னும் எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கும்' என்று யோசியுங்கள். மெயின் ஹாலிலிருந்து மேற்குப் படிக்கட்டு வரை போகும் வழி, இரண்டாம் மாடிக்கு ஏறும் இடம் இவற்றையெல்லாம் பத்துத் தடவையாவது கடப்பீர்கள். அங்கே நிற்பவற்றுக்குச் செலவு செய்யலாம். ஒரு சாவியை எடுத்துவிட்டுத் திரும்பியே பார்க்கப் போகாத அறையில் இருக்கும் ஜோம்பியை மேசையைச் சுற்றி ஏமாற்றிவிட்டு ஓடிவிடுங்கள்.

சுடும்போது அவசரப்படுவதுதான் பலர் செய்யும் தப்பு. குறிவைத்ததும் நடக்காமல் ஒரு நொடி நில்லுங்கள். திரையில் விரிந்திருக்கும் குறிக்கோடுகள் நடுவே வந்து சேரும். அப்படிச் சேர்ந்த பிறகு சுடும் குண்டுக்கு அடி அதிகம், தலை வெடிக்கும் வாய்ப்பும் அதிகம். ஓடிக்கொண்டே சுடும் மூன்று குண்டைவிட நின்று சுடும் ஒன்று மேல்.

தாண்டிப் போனால் போதும் என்றால் தலையை விட்டுவிட்டு முட்டியில் சுடுங்கள். ஓரிரு குண்டிலேயே தடுமாறி மண்டியிடும். அந்த இடைவெளியில் பக்கவாட்டில் ஓடிவிடலாம். கால் துண்டாகிவிட்டால் அது தவழ்ந்துதான் வரும். ஆனால் இருட்டில் தவழும் ஜோம்பி காலைக் கடிக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே கிடப்பது நிஜமாகவே செத்ததா என்று பார்க்கத் தோட்டா வேண்டாம். கத்தியால் ஒரு கீறு போதும், உயிர் இருந்தால் உடம்பு துடிக்கும். கத்தி தேய்ந்து கடைசியில் உடைந்துபோகும் என்பதால் அதையும் கணக்குப் பார்த்தே வீசுங்கள். ஜோம்பி பிடித்துக்கொள்ளும்போது கத்தியால் குத்தித் தப்பினால், கத்தி அதன் உடம்பிலேயே நின்றுவிடும். பிறகு அதை வீழ்த்தித்தான் திரும்ப எடுக்க வேண்டும்.

வெடிமருந்தைக் கிடைத்தவுடன் கலக்காதீர்கள். சாதா வெடிமருந்து இரண்டைச் சேர்த்தால் கைத்துப்பாக்கித் தோட்டா. சாதாவோடு மஞ்சள் வெடிமருந்தைச் சேர்த்தால் லியோனுக்கு ஷாட்கன் தோட்டா. ஷாட்கன் கையில் வரும் வரை மஞ்சளை, பொருட்களைச் சேமித்துவைக்கும் ஐட்டம் பாக்ஸிலேயே விட்டுவையுங்கள்.

இதையெல்லாம்விட லாபமானது மரப்பலகை. உடைந்த ஜன்னலில் ஒரு பலகையை அடித்துவிட்டால் அந்த வழியாக வரவிருந்த ஜோம்பிகள் வராமலே போகும். அத்தனை தோட்டாவும் மிச்சம். முதல் பலகைகள் தரைத்தளத்து மேற்குத் தாழ்வார ஜன்னல்களுக்கு.

கே: தொப்பி போட்ட ராட்சசன் வந்ததிலிருந்து கேமைத் திறக்கவே கை நடுங்குகிறது. எவ்வளவு சுட்டாலும் சாகவில்லை. எங்கே ஒளிவது?

ப: அவன் பெயர் டைரன்ட், எல்லாரும் மிஸ்டர் எக்ஸ் என்பார்கள். எரியும் ஹெலிகாப்டரின் தீயை அணைத்த பிறகு, அதைத் தூக்கி ஒதுக்கிவிட்டு வருவான். காவல் நிலையத்தில் அவனைக் கொல்லவே முடியாது. நிறையச் சுட்டால் சற்று நேரம் மண்டியிடுவான், பிறகு எழுந்துவிடுவான். அந்தத் தோட்டாவுக்கு அது நல்ல பேரமில்லை.

அவனை வெல்வது காதால்தான். ஹெட்போன் போட்டு ஆடுங்கள். காலணிச் சத்தம் மேல் மாடியிலா, பக்கத்து அறையிலா, எந்தத் திசையில் என்று தெளிவாகப் பிரித்துக் கேட்கும்படிதான் ஒலியை அமைத்திருக்கிறார்கள். கதவு திறக்கும் ஓசையும் கேட்கும். பின்னணி இசை வேகமெடுத்தால் உங்களைப் பார்த்துவிட்டான் என்று அர்த்தம். துப்பாக்கிச் சத்தம் அவனைத் தேடி வரவைக்கும். அவன் அலையும் நேரத்தில் ஜோம்பியைச் சுடுவது, இங்கே இருக்கிறேன் என்று கூப்பிட்டுச் சொல்வது போல.

ஆட்டத்தை சேவ் செய்யும் டைப்ரைட்டரும் ஐட்டம் பாக்ஸும் இருக்கும் பாதுகாப்பு அறைக்குள் வரமாட்டான். மெயின் ஹாலில் டைப்ரைட்டர் இருந்தாலும் அதை நம்பாதீர்கள், அங்கே தாராளமாக நடந்து வருவான்.

நேருக்கு நேர் மாட்டிக்கொண்டால் குறுகிய தாழ்வாரத்தில் பின்னோக்கி நடக்காதீர்கள். சுவரில் முட்டி அடி வாங்குவீர்கள். நூலகம் போல நடுவில் ஏதாவது இருக்கும் இடத்துக்கு இழுத்துப் போய் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். வழியே இல்லையென்றால் கை ஓங்கும் வரை காத்திருங்கள். அவன் குத்து வீசி முடித்த கணத்தில் பக்கவாட்டில் புகுந்து ஓடினால் திரும்புவதற்கு அவனுக்கு நேரம் பிடிக்கும். கண்ணைக் கூசவைக்கும் ஃப்ளாஷ் கிரனேட் அவனையும் நிறுத்தும். ஒன்றைக் கடைசி நேரத்துக்காக வைத்திருங்கள்.

கே: லிக்கர் (நீண்ட நாக்குள்ள, தோலுரிந்த மிருகம்) இருக்கும் தாழ்வாரத்தை எப்படித் தாண்டுவது?

ப: அதற்குக் கண் தெரியாது, காது மட்டும்தான். கன்ட்ரோலர் ஸ்டிக்கை லேசாகத் தள்ளி மெதுவாக நடங்கள். உடம்பில் இடிக்காமல், ஓடாமல், சுடாமல் போனால் பக்கத்திலேயே கடந்துவிடலாம். மிஸ்டர் எக்ஸ் துரத்தும்போது மட்டும் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

கே: பை எப்போதும் நிறைந்தே இருக்கிறது. எதை எறிவது? பெட்டக எண்களையும் சிலைகளின் விடைகளையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ப: தொடக்கத்தில் பையில் 8 பொருளுக்குத்தான் இடம். வேலை முடிந்த சாவியின் மேல் சிவப்பு டிக் விழும். அதைப் பார்த்ததும் தயங்காமல் எறியுங்கள். மேப்பில் சிவப்பாக இருக்கும் அறையில் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது, நீலமானால் முடிந்தது. பச்சை மூலிகையையும் சிவப்பையும் கலந்து வைத்தால் ஒரே இடத்தில் முழு ஆரோக்கியம் கிடைக்கும். சிவப்பைத் தனியாகத் தின்பதில் பயனில்லை.

முதலில் மேற்கு அலுவலகப் பெட்டகத்தைத் திறந்துவிடுங்கள்: இடப்பக்கம் 9, வலப்பக்கம் 15, இடப்பக்கம் 7. உள்ளே இடுப்புப் பை இருக்கிறது, இன்னும் 2 பொருளுக்கு இடம் கூடும். இரண்டாம் மாடிக் காத்திருப்பு அறைப் பெட்டகத்தில் துப்பாக்கிக்கான உதிரிபாகம்: இடப்பக்கம் 6, வலப்பக்கம் 2, இடப்பக்கம் 11.

சிலைகளில் வரிசையாகத் திருப்ப வேண்டிய மூன்று சின்னங்கள் முதல் ஆட்டத்துக்கும், மற்ற நாயகரோடு ஆடும் இரண்டாம் ஆட்டத்துக்கும் வேறு வேறு. முதல் ஆட்டத்தில் சிங்கத்துக்குச் சிங்கம், கிளை, பறவை. ஒற்றைக்கொம்புக் குதிரைக்கு மீன், தேள், குடம். கன்னிக்குப் பெண், வில், பாம்பு. இரண்டாம் ஆட்டத்தில் சிங்கத்துக்கு மகுடம், தீப்பந்தம், பறவை. குதிரைக்கு இரட்டையர், தராசு, பாம்பு. கன்னிக்கு ஆட்டுக்கடா, யாழ், பறவை.

கே: பழைய கம்ப்யூட்டரில் முன்பு நன்றாக ஓடிய கேம் இப்போது திக்கித் திணறுகிறது.

ப: 2022 ஜூனில் வந்த அப்டேட் கேமை டைரக்ட்எக்ஸ் 12 என்ற புதிய கிராஃபிக்ஸ் மென்பொருளுக்கு மாற்றி, ஒளியை நிஜம்போலக் காட்டும் ரே ட்ரேசிங்கைச் சேர்த்தது. பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு அது பாரம். கேம் விற்கும் ஸ்டீம் செயலியில் கேமின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய், பீட்டாஸ் பகுதியில் டிஎக்ஸ்11 என்று குறிப்பிட்ட பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு கிராஃபிக்ஸ் மெனுவில் மெமரி எவ்வளவு செலவாகிறது என்று காட்டும் பட்டையைப் பாருங்கள். உங்கள் கார்டின் அளவைத் தாண்டினால் டெக்ஸ்சரை (பரப்புகளின் நுணுக்கத்தை) குறையுங்கள். அடுத்து நிழல், வால்யூமெட்ரிக் லைட்டிங் (காற்றில் ஒளிக்கீற்று காட்டுவது). இமேஜ் குவாலிட்டியை 100க்குக் கீழே கொண்டுபோவது கடைசி வழி. படம் மங்கிவிட்டால் இருட்டு மூலையில் நிற்பது தெரியாது. தலைசுற்றல் இருப்பவர்கள், அசைவில் படத்தை மங்கவைக்கும் மோஷன் பிளரை அணைத்துவிடுங்கள்.

கே: என் பையனுக்கு 12 வயது. நண்பர்கள் ஆடுகிறார்கள், தானும் ஆட வேண்டும் என்கிறான். அனுமதிக்கலாமா?

ப: வேண்டாம், அம்மா. ஐரோப்பாவில் இதற்கு 18 வயது, அமெரிக்காவில் 17 வயது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ரத்தத்தைக் குறைத்துக் காட்டும் செட்டிங் கேமுக்குள் இல்லை. ஜோம்பியைக்கூட விடுங்கள். இன்னொரு நாயகியான கிளேரின் கதையில் ஒரு சிறுமியைப் பெரிய மனிதர் ஒருவர் அடைத்துவைத்துத் துரத்தும் பகுதி வருகிறது. 12 வயதுப் பிள்ளையை அதிகம் உலுக்கக்கூடியது அதுதான்.

கே: ஹார்ட்கோர் (மிகக் கடினமான) மோடில், டைப்ரைட்டரில் சேவ் செய்யத் தேவைப்படும் இங்க் ரிப்பனை எப்போது செலவு செய்வது?

ப: அந்த மோடில் ஆட்டோசேவ் கிடையாது; ஒவ்வொரு சேவுக்கும் ஒரு ரிப்பன் போகும். செத்தால் கடைசி சேவிலிருந்துதான் மறுபடி. அதனால் நேரத்தைப் பார்த்து சேவ் செய்யாதீர்கள், இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிலையிலிருந்து ஒரு பதக்கம், ஒரு புதுத் துப்பாக்கி, ஓர் இடுப்புப் பை கைக்கு வந்து, அடி வாங்காமல் டைப்ரைட்டர் வரை வந்துவிட்டீர்கள் என்றால் ஒரு ரிப்பன் போகட்டும். பாஸ் (பெரிய எதிரி) சண்டைக்கு முன்பும் ஒன்று. உடம்பில் ரத்தம் சொட்ட, தோட்டா இல்லாத நிலையில் மட்டும் சேவ் செய்துவிடாதீர்கள். மிக உயர்ந்த எஸ் ப்ளஸ் மதிப்பெண் வேண்டுமென்றால் மொத்தமே 3 சேவ்தான், அதைத் தொடங்குமுன் ஸ்டாண்டர்டில் வழி மனப்பாடமாகிவிட்டதா என்று ஒருமுறை ஆடிப் பாருங்கள்.