யார் நிறுத்துகிறார், யார் சேர்கிறார்?

கேள்வி: என் மகள் கீபோர்டு வகுப்புக்குப் போகிறாள். கிரேடு தேர்வுக்காக டெக்ஸ்சர், ஸ்ட்ரக்சர், ஃபார்ம் என்று மூன்றையும் மனப்பாடம் செய்கிறாள். நான் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவள். எனக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. அவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: முதலில் மனப்பாடத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டில் ஏதாவது ஒரு நொடியில் எந்தெந்தக் குரலும் வாத்தியமும் சேர்ந்து ஒலிக்கின்றன, எது முன்னால் நிற்கிறது, எது அதைத் தாங்குகிறது என்று கவனித்தால் அது டெக்ஸ்சர். பாட்டு முழுக்க எதற்குப் பிறகு எது வருகிறது, எது திரும்பி வருகிறது என்று பார்த்தால் ஃபார்ம். வர்ணம், கிருதி, சொனாட்டா, ராண்டோ எல்லாம் அப்படிப்பட்ட வடிவங்களின் பெயர்கள். அந்த வடிவத்துக்குள் இந்த ஒரு பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எத்தனை சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவது), எந்தப் பகுதி எவ்வளவு நீளம் என்பது ஸ்ட்ரக்சர். கடைசி இரண்டையும் ஒன்றாகவே பேசும் புத்தகங்களும் உண்டு, அதில் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் டெக்ஸ்சரையும் ஃபார்மையும் தனித்தனிப் பாடமாகப் படிக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு பகுதி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைப் பெரும்பாலும் டெக்ஸ்சர்தான் காட்டிக்கொடுக்கும். நீங்கள் கேட்டு வளர்ந்த கச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையில் தம்புரா, குரல், வயலின் அவ்வளவுதான், மிருதங்கக்காரர் காத்திருப்பார். பல்லவி எடுத்ததும் அவர் சேர்ந்துகொள்கிறார், பாட்டு தொடங்கிவிட்டது என்று கடைசி வரிசையில் இருப்பவருக்கும் புரிந்துவிடுகிறது. அப்புறம் தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் குரலும் வயலினும் ஒதுங்கி, கோர்வை என்ற முடிவுக் கணக்கு முடிந்து பாட்டின் எடுப்புக்கு, அதாவது வரி தொடங்கும் இடத்துக்கு, வந்து நிற்கும்போது எல்லோரும் மறுபடி ஒன்றுசேர்கிறார்கள் அல்லவா, அந்த இடத்தில் நமக்குச் சிலிர்ப்பதற்குப் பாதிக் காரணம் இந்தச் சேர்க்கைதான்.

மகளுக்கு பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி முதல் பகுதியைப் போட்டுக் காட்டுங்கள். 1808-ல் வியன்னாவில் அரங்கேறியது. அந்தப் பிரபலமான நான்கு ஸ்வரத் தொடக்கத்தில் தந்தி வாத்தியங்களும் கிளாரினெட்டும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கின்றன, அடியில் தாங்க எதுவும் கிடையாது. உடனே அந்த நான்கு ஸ்வரத்தை ஒரு வயலின் கூட்டம் தொட, அடுத்த கூட்டம் வாங்கிக்கொள்ள, அது கை மாறிக்கொண்டே போய், வயலின்கள் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்து நிற்கும். சொனாட்டா வடிவத்தில் முதலில் சொன்னதெல்லாம் நடுவில் அலசப்பட்டு மறுபடி வரவேண்டும், இங்கேயும் வருகிறது. ஆனால் முன்பு வயலின் நின்ற அதே இடத்தில் இந்த முறை மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் அடங்கி, ஓபோ என்ற ஊதுகுழல் மட்டும் தாளத்தை விட்டுவிட்டு, கிட்டத்தட்ட ஆலாபனை மாதிரி சில ஸ்வரங்கள் தனியாகப் பாடிவிட்டுப் போகும். திரும்பி வந்தது பழையதுதான், ஆனால் அப்படியே வரவில்லை என்று அந்த ஓபோ சொல்லிவிடுகிறது. அந்த ஒரு இடத்தை மகள் தானாகக் கண்டுபிடித்துவிட்டால் தேர்வுக்கு அதுவே போதும்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் சர்ச் கொயரில் நான்கு குரலாகப் பிரிந்து பாடுகிறோம். சேலத்தில் இருக்கும் என் மச்சான், கர்நாடக இசையில் இது இல்லை, அதனால் அது எளிமையானது என்கிறார். சரியா?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: சரியில்லை. நீங்கள் பாடும் பெரும்பாலான பாடல்களில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் நான்கும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் வெவ்வேறு ஸ்வரத்தில் நிறுத்துகின்றன. அதற்கு ஸ்வரம் அசையாமல் நிற்க வேண்டும். தோடி ராகத்தின் காந்தாரத்தை (‘க’ ஸ்வரத்தை) அப்படி நிறுத்திப் பாருங்கள், தோடியே போய்விடும். கமகம் என்று ஸ்வரம் அசைந்துகொண்டே இருக்கும் இசையில் நான்கு குரலும் நான்கு பக்கம் அசைந்தால் எதுவும் காதில் தங்காது. அதனால் இங்கே மெட்டு ஒன்றுதான். வயலின் அதை இம்மி பின்னால் தொட்டுக்கொண்டு, தன் வழியில் கொஞ்சம் வளைத்து வரும், அந்த நூலிழை இடைவெளியும் ஒரு டெக்ஸ்சர்தான். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு மச்சானை அழைத்துக்கொண்டு போய், இரண்டு நாகஸ்வரம் ஒரே பிடியை வாசிக்கும்போது கேட்கச் சொல்லுங்கள்.

முத்துசாமி தீட்சிதர் நோட்டு ஸ்வரங்களில் மேற்கத்திய மெட்டுகளை எடுத்து சம்ஸ்கிருத சாகித்யம் போட்டார். பிரிட்டிஷ் தேசியகீத மெட்டில் அமைந்த 'ஸந்ததம் பாஹிமாம்' அதில் ஒன்று. மெட்டை எடுத்தாரே தவிர, அதன் அடியில் இருந்த கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) எடுக்கவில்லை. என்னைக் கேட்டால், நம் இசைக்கு எது தேவை என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

கேள்வி: சிம்பொனி கேட்கும்போது எப்போது கைதட்டுவது?
– ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: பெரும்பாலும் நான்கு பகுதிகள் இருக்கும், நான்காவது முடிந்த பிறகுதான். நம் கச்சேரி மாதிரி நடுவில் 'பலே' சொல்வது அங்கே வழக்கமில்லை. மேலே சொன்ன ஐந்தாம் சிம்பொனியில் மூன்றாவது பகுதி நிற்காமலே நான்காவதற்குள் போய்விடும். தந்திகள் நீட்டிப் பிடிக்க, கீழே டிம்பனி என்ற பெரிய முரசு மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருக்க, அதுவரை மூன்று பகுதியும் சும்மா உட்கார்ந்திருந்த ட்ராம்போன் என்ற பித்தளை ஊதுவாத்தியங்கள் அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறக்கும். சேலத்தில் பஸ் ஏறும்போது போட்டுவிட்டால் ஏற்காடு போய்ச் சேர்வதற்குள் முழுவதையும் கேட்டுவிடலாம்.