வாசகர் கேள்வி பதில்: பார்சலில் வந்த அடைமுட்டைகள்

கேள்வி: வெளிமாவட்டத்திலிருந்து 12 கருங்கோழி முட்டைகளைப் பேருந்து பார்சலில் வரவழைத்து, தெர்மாகோல் பெட்டியில் நாங்களே செய்த இன்குபேட்டரில் அடை வைத்தேன். 3 குஞ்சுகள் மட்டுமே வெளிவந்தன. அவற்றோடு வைத்த எங்கள் வீட்டு நாட்டுக்கோழி முட்டைகள் ஏறக்குறைய எல்லாமே பொரித்துவிட்டன. முட்டை விற்றவரோ எங்கள் பெட்டிதான் சரியில்லை என்கிறார். குறை யாருடையது? (ஒரு வாசகி, பாலக்கோடு)

பதில்: ஒரே பெட்டியில், ஒரே நாட்களில் இருந்த வீட்டு முட்டைகள் பொரித்திருக்கும்போது பெட்டியைக் குற்றம் சொல்ல இடமில்லை. அதற்காக விற்றவர் மலட்டு முட்டையைத் தள்ளிவிட்டார் என்றும் உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. இருவருக்கும் நடுவில் ஒரு பேருந்துப் பயணம் இருக்கிறது. பார்சல் முட்டைகளில் பெரும்பாலான இழப்பு அங்கேதான் நேர்கிறது.

முட்டையின் அகன்ற முனையில், ஓட்டின் உட்புறமுள்ள இரண்டு சவ்வுகளுக்கு இடையே காற்றறை அமைந்திருக்கிறது. குஞ்சு ஓட்டை உடைப்பதற்கு முன் முதல் மூச்சை இழுப்பது அந்தக் காற்றிலிருந்துதான். நெடுநேரக் குலுக்கலில் உட்சவ்வு பிரிந்துவிட்டால், காற்றறை தன் இடத்தில் நிற்காமல், முட்டையைச் சாய்க்கும் பக்கமெல்லாம் ரசமட்டத்துக் குமிழி போல ஓடும். இருட்டறையில் அகன்ற முனையில் டார்ச் ஒளியை வைத்து, முட்டையை மெல்லச் சாய்த்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். இத்தகைய முட்டைகளிலும் சில பொரிக்கும் என்பதால் அவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை; ஆனால் வீட்டு முட்டைக்குரிய பலனை அவற்றிடம் எதிர்பார்க்கவும் முடியாது. பார்சலில் வந்தவற்றில் பாதி பொரித்தாலே அதை நல்ல பலன் என்று கொள்ள வேண்டும்.

குலுக்கலை விடவும் நம் பக்கத்தில் நான் அதிகம் அஞ்சுவது வெப்பத்தைத்தான். ஏறக்குறைய 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கும்வரை கரு உறங்கிக் கிடக்கும். அதற்கு மேல் போனால் மெல்ல விழித்து வளரத் தொடங்கும். ஆனால் முறையாக வளரத் தேவையான 37.5 டிகிரி நிலையாகக் கிடைக்காததால் ஒழுங்கற்று வளர்ந்து, பெட்டிக்கு வந்து சேரும் முன்பே நலிந்துவிடும். சித்திரை வெயிலில் பேருந்தின் சாமான் அறையில் ஒரு பகல் முழுவதும் கிடந்த முட்டையை எந்த இன்குபேட்டராலும் காப்பாற்ற இயலாது. ஆகவே கார்த்திகை முதல் மாசி வரையான மாதங்களில், இரவில் கிளம்பும் வண்டியில் அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

பொரிக்காத 9 முட்டைகளைப் புதைத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை அவற்றை வீட்டுக்கு வெளியே வைத்து ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். கரு வளர்ந்த அடையாளமே இல்லையென்றால் சேவல் சேராத முட்டையாக இருக்கலாம், அல்லது வழியிலேயே கரு இறந்திருக்கலாம். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரத்தம் வளையமாகக் கட்டியிருந்தால் முதல் வாரத்துக்குள் கரு இறந்திருக்கிறது என்று பொருள். பார்சல் முட்டைகளில் இதுவே மிகுதியாகக் காணப்படும். முழுவதும் வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே இறந்திருந்தால் மட்டும் கடைசி நாட்களின் ஈரப்பதம், வெப்பம், காற்றோட்டம் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். விற்றவரிடம் பேசுவதானால் இந்தக் கணக்கோடு பேசுங்கள். வெறும் எண்ணிக்கையை வைத்துப் பேசினால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

இடையே ஒன்று. கருங்கோழி எனப்படும் கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்கு உரிய இனம். 2018ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதன் இறைச்சியும் தோலும் கருமையே தவிர, முட்டை வெளிர் பழுப்பு நிறத்தில்தான் இருக்கும். கறுப்பு முட்டை என்று படம் காட்டி விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: பார்சலைப் பிரித்தவுடன் முட்டைகளைக் கழுவித் துடைத்து இன்குபேட்டரில் வைத்துவிடலாமா? (ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: கழுவவே கூடாது. ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கிறது; அதைக் கழுவிவிட்டால் ஓட்டின் நுண்துளைகள் வழியே கிருமிகள் எளிதாக உள்ளே நுழையும். எச்சம் அப்பியிருந்தால் உலர்ந்த துணியால் மெல்லத் துடையுங்கள். அதிலும் மிக அழுக்கானவற்றை அடை வைக்காமல் விட்டுவிடுவதே மேல்.

விரிசல் உள்ளவற்றை டார்ச் ஒளியில் பார்த்துக் கழித்த பிறகு, மற்றவற்றை அட்டைத் தட்டில் அகன்ற முனை மேலே இருக்குமாறு நிறுத்தி, நிழலான அறையில் 12 முதல் 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். தேன்கனிக்கோட்டை, தளி போன்ற குளிர்ந்த ஊர்களிலிருந்து அதிகாலையில் வந்த முட்டையைச் சூடான பெட்டிக்குள் உடனே வைத்தால் ஓட்டின் மேல் நீர் பூக்கும். அந்த ஈரமும் கிருமிகளுக்கு வழி திறந்துவிடும். இன்குபேட்டரில் வைத்த பிறகும் பார்சல் முட்டைகளை முதல் இரண்டு நாட்கள் திருப்பாமல் நிற்க வைத்து, அதன் பின் தட்டோடு சேர்த்து இருபுறமும் மாறி மாறிச் சாய்த்தால் போதும் என்பது என் கருத்து. ஆனால் முதல் வாரம் முழுவதும் திருப்பாமலே விட்டால் கரு சவ்வோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், மூன்றாம் நாளிலிருந்து நாளுக்கு மூன்று முறையாவது சாய்க்கத் தவறாதீர்கள். 18ஆம் நாளோடு அதையும் நிறுத்திவிட வேண்டும்.

விற்பவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை இரண்டு. முட்டைகள் இட்டு ஏழு நாட்களுக்கு உட்பட்டவையாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்தித்தாளில் சுற்றி, அகன்ற முனை மேலாக நிறுத்தி, இடைவெளியில் உமியோ மரத்தூளோ இட்டு இறுக்கியிருக்க வேண்டும். பெட்டியை அசைத்தால் உள்ளே சத்தம் கேட்கக் கூடாது.

கேள்வி: ஊத்தங்கரையில் வெயில் காலத்தில் காற்று மிகவும் வறண்டிருக்கிறது. பெட்டியில் எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும்? விலை குறைந்த ஈரப்பதமானியை நம்பலாமா?

பதில்: தண்ணீரின் ஆழத்தைக் கூட்டுவதால் பயனில்லை, அதன் மேற்பரப்பு அகலமாக இருந்தால்தான் ஈரம் கூடும். குறுகிய டம்ளருக்குப் பதிலாக அகலமான தட்டு வையுங்கள். போதவில்லையென்றால் அதில் ஒரு துணியையோ ஸ்பாஞ்சையோ நனைய விடுங்கள். முதல் 18 நாட்கள் 50 முதல் 55 சதவீதமும், கடைசி மூன்று நாட்கள் 65 முதல் 70 சதவீதமும் இருந்தால் போதும். ஈரம் அதிகமானால் நல்லதுதானே என்று சிலர் முதல் நாளிலிருந்தே பெட்டியை நீராவிக் குளியலாக்கிவிடுகிறார்கள். 18 நாட்களில் முட்டை தன் எடையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கை நீராவியாக இழக்க வேண்டும். இழக்காவிட்டால் காற்றறை போதுமான அளவு பெரிதாகாமல், குஞ்சு மூச்சுத் திணறும்.

ஈரப்பதமானியைச் சோதிக்கக் கல்லுப்பு போதும். ஒரு மூடியில் உப்பை இட்டு, கரையாமல் நனைகிற அளவுக்கு மட்டும் நீர் சேர்த்து, கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி ஓர் இரவு வையுங்கள். அது 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால் எப்போதும் 7 கூட்டிப் படியுங்கள். வெப்பமானியை, வெதுவெதுப்பான நீரில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோடு சேர்த்துப் பிடித்து ஒப்பிடலாம். பெட்டியில் சிறு மின்விசிறி இருந்தால் 37.5 டிகிரி, இல்லையென்றால் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் வெப்பம் மாறுபடும் என்பதால், முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 டிகிரி அளவில் இருக்கட்டும்.

கேள்வி: இவ்வளவு சிரமம் எதற்கு, அடைக்கோழியிடம் கொடுத்திருக்கலாமே என்கிறார் என் மாமியார். (ஒரு வாசகி, அரூர்)

பதில்: மாமியார் சொல்வது பெரும்பாலும் சரி. நல்ல அடைக்கோழி வெப்பத்தையும் திருப்புதலையும் மின்வெட்டையும் பற்றிய நம் கவலைகளை எல்லாம் தானே ஏற்றுக்கொள்ளும். செள், பேன் இல்லாத கோழியாகப் பார்த்து, இரவில் முட்டைகளை மாற்றி வையுங்கள். பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். காற்றறை கலங்கிய முட்டைகளை மட்டும் அதனிடம் கொடுக்காதீர்கள். கோழி அவற்றைப் படுக்க வைத்தே உருட்டும் என்பதால், நிமிர்த்தி நிறுத்த வசதியுள்ள இன்குபேட்டரே அவற்றுக்கு ஏற்றது. இடிக்கு அஞ்சிக் கூடையில் கரித்துண்டும் இரும்பாணியும் போடும் வழக்கத்தைக் கேட்டிருந்தீர்கள். இடியால் முட்டை கெடுவதில்லை, ஆணியாலும் கெடுவதில்லை. அதற்காக வீட்டில் வாதம் செய்ய வேண்டாம்.

கேள்வி: 20ஆம் நாள் மாலை ஒரு முட்டையில் ஓட்டை விழுந்தது, மறுநாள் காலை வரை குஞ்சு வரவில்லை. ஓட்டை உரித்து உதவலாமா? (ஒரு வாசகர், பென்னாகரம்)

பதில்: அவசரப்படாதீர்கள். ஓட்டை விழுந்த பிறகு 12 முதல் 24 மணி நேரம் குஞ்சு அசையாமல் கிடப்பது இயல்பு. அந்த நேரத்தில்தான் சவ்விலுள்ள இரத்த நாளங்கள் வற்றுகின்றன, மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அதற்கு முன் உரித்தால் இரத்தம் கசிந்து குஞ்சு இறந்துவிடும். பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதும் உதவியன்று. ஒவ்வொரு முறையும் ஈரம் வெளியேறி, சவ்வு தோல்போல் காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும். 24 மணி நேரம் கடந்து, சவ்வு பழுப்பேறிக் காய்ந்திருந்தால் மட்டும், ஓட்டையைச் சுற்றிச் சிறிதளவு வெதுவெதுப்பான நீரால் நனைத்துக் கொஞ்சமாக உரியுங்கள். இரத்தம் தென்பட்டால் அந்தக் கணமே நிறுத்திவிடுங்கள். வெளிவந்த குஞ்சுகள் உலரும்வரை உள்ளேயே இருக்கட்டும். உள்ளிழுத்த மஞ்சள் கருவே இரண்டு நாட்களுக்கு அவற்றுக்கு உணவாகும்.

கேள்வி: பத்துக் குஞ்சுகளுக்கும் தடுப்பு மருந்து தேவையா? (ஒரு வாசகி, பர்கூர்)

பதில்: தேவை. வெள்ளைக் கழிச்சல் பத்து, நூறு என்று பார்ப்பதில்லை. ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடுவதே முதல் தவணை. ஒரு குப்பி மருந்து நூறு குஞ்சுகளுக்காவது வரும். கரைத்த பின் சில மணி நேரத்தில் வீணாகிவிடும் என்பதால், அக்கம்பக்கத்தாரோடு ஒரே நாளைப் பேசி வைத்துக்கொண்டு, அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மருந்தை வீட்டுக்கு எடுத்து வருவதானால் பனிக்கட்டி வைத்த பிளாஸ்க்கில் கொண்டு வாருங்கள்.